பெட்டியில் 5 ஜிபி, கையில் 36 எம்பி

27 மே 2024

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "2 டிபி போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். பெட்டியில் நொடிக்கு 5 ஜிபி என்று போட்டிருக்கிறது. மகளுடைய கல்யாண வீடியோவை ஏற்றினால் 36 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கடையில் கேட்டால் 'அதெல்லாம் அப்படித்தான் சார்' என்கிறார்கள். இது டூப்ளிகேட்டா?"

28 மே, காலை

மாற்றி வாங்குங்கள். புது டிஸ்கில் 36 வருகிறது என்றால் ஒன்று பழுது, இல்லை போலி. நான் தர்மபுரியில் பதினாறு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன், என் கை வழியாகப் போன டிஸ்க் ஐந்நூறுக்குக் குறையாது. 110, 120 வரவேண்டும். பில்லை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடுங்கள்.

28 மே, மதியம்

சண்டைக்குப் போகும் முன் ஒன்று. 5 ஜிபி என்று நீங்கள் படித்தது 5 ஜிகாபிட். இங்கிலீஷில் சின்ன பி போட்டால் பிட், பெரிய பி போட்டால் பைட், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நமக்குச் சின்ன பி பெரிய பி ஏது? எம்பிபிஎஸ் என்று தமிழில் எழுதினால் அது வேகமா, டாக்டர் படிப்பா என்பதே தெரியாது. அதனால் இனி பிட் என்றால் பிட் என்றே எழுதுகிறேன், வெறும் எம்பி என்றால் மெகாபைட்.

சரி, 5 ஜிகாபிட்டை எட்டால் வகுத்தால் 625 எம்பி. அதுவும் கிடைக்காது. அந்த 5 ஜிகாபிட் யூஎஸ்பி 3.0-வின் வேகம், அது ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக்கித்தான் கம்பியில் அனுப்புகிறது, அந்தப் பக்கம் தடுமாறாமல் படிப்பதற்காக. ஆக வகுக்க வேண்டியது பத்தால், வருவது 500. கம்ப்யூட்டருக்குள் டிஸ்கை இணைக்கிற சாட்டா 3-க்கும் இதே கணக்கு, 6 ஜிகாபிட் என்றால் 600 எம்பி. இந்த 500, 600 எல்லாம் ரோட்டின் அளவு. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் ரோடு எவ்வளவு அகலமாக இருந்தாலும் சிமென்ட் ஏற்றிய லாரி அந்த மேட்டில் எந்த வேகத்தில் ஏறுமோ அந்த வேகத்தில்தான் ஏறும்.

28 மே, இரவு

அப்போது லாரி வேகம் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தச் சின்ன டிஸ்குகளுக்குள் சுற்றுகிற தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றில் தகட்டிலிருந்து எவ்வளவு படிக்க முடியுமோ அதை 90-ஆல் பெருக்கினால் முடிந்தது. 130 எம்பி வருகிறது என்றால் அந்த ஒரு வட்டத்தில் சுமார் 1.4 எம்பி எழுதியிருக்கிறது என்று அர்த்தம். தங்கத்தில் கேபிள் போட்டாலும் தகடு 91-வது சுற்று சுற்றாது.

30 மே, விடியற்காலை 2 மணி

காரிமங்கலம் கல்யாணம் ஒன்று, மொத்தம் 420 ஜிபி. நேற்று இரவு ஒன்பது மணிக்குக் காப்பி போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று. பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் அறுபது சதவீதம்தான் முடிந்திருந்தது. வேகம் 36. அதே 36! முந்தாநாள் ஊருக்கு உபதேசம் செய்தவன் மேஜைக்கு முன்னால் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டிஸ்க் புதுசு, பின்பக்க நீலப் போர்ட்டில்தான் (நீலம் என்றால் யூஎஸ்பி 3.0) செருகியிருக்கிறது. உதவிக்கு இருக்கும் பையனை எழுப்பிக் கேட்டேன். "அண்ணா, அந்த டிஸ்க் ஒயர் மண்டபத்துலயே போயிடுச்சுண்ணா. இது என் பழைய போன் சார்ஜர் ஒயரு, கரெக்டா உக்காந்துச்சு, அதான் போட்டேன்" என்றான்.

உட்காரத்தான் செய்யும். அந்த டிஸ்கின் வாய் அகலமானது, நடுவில் இடுப்பு மாதிரி ஒரு குறுகல், ஒரு பாதி பெரியது, ஒரு பாதி சிறியது. பெரிய பாதி அப்படியே பழைய மைக்ரோ யூஎஸ்பி, போன் ஒயர் அதில் அழகாகப் போகும். பழைய யூஎஸ்பியில் நாலு கம்பி. 3.0-க்காகச் சேர்த்த மற்ற ஐந்து கம்பியும் சிறிய பாதியில் இருக்கிறது, அதில் எதுவும் செருகாவிட்டால் டிஸ்க் ஒன்றும் புகார் சொல்லாது, பேசாமல் யூஎஸ்பி 2 ஆகிவிடும். யூஎஸ்பி 2 எழுத்தில் 480 மெகாபிட், கணக்கில் 60 எம்பி, நடைமுறையில் 30-லிருந்து 40.

வேறு டிஸ்கின் ஒயரை மாட்டி மீண்டும் முதலிலிருந்து போட்டேன். 120. ஒரு மணிக்குள் முடிந்தது. பையனைத் திட்டவில்லை, டிஸ்கைக் கவரில் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

30 மே, காலை

28-ம் தேதி காலையில் எழுதியது முழுக்க வாபஸ். கடைக்காரரிடம் சண்டை போட்டிருந்தால் மன்னிக்கவும். 36 என்பது பழுதின் எண் இல்லை, யூஎஸ்பி 2-வின் கைரேகை. ஒயரைப் பாருங்கள்.

31 மே

கிருஷ்ணகிரிக்காரர் பதில் போட்டிருக்கிறார். ஒயர் டிஸ்கோடு வந்ததுதானாம். ஆனால் குனிய முடியாமல் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் செருகியிருக்கிறார், பழைய கேபினட், முன்பக்கம் இரண்டும் கறுப்பு, அதாவது யூஎஸ்பி 2. பின்னால் நீலத்தில் போட்டதும் 122.

(சண்டை ஏற்கனவே போட்டாயிற்றாம்.)

31 மே, இரவு

அவரே விடவில்லை: "டிஸ்க் விவரத்தில் 130 என்கிறான், எனக்கு 122. மிச்ச 8 எங்கே?" நியாயமான கேள்வி. தயாரிப்பவருக்கு ஒரு எம்பி என்றால் 10,00,000 பைட். விண்டோஸுக்கு 1024 பெருக்கல் 1024, அதாவது 10,48,576 பைட், ஆனால் அதற்கும் எம்பி என்றே பெயர் போடுகிறது. 130-ஐ விண்டோஸ் படியில் அளந்தால் 124 தான். வாங்கிய 2 டிபி உள்ளே 1.81 என்று காட்டுவதும் இதனால்தான், யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய படி சின்னப் படி விவகாரம். மிச்ச 2 எம்பிக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

1 ஜூன்

"எனக்கு முதலில் 400 காட்டியது, அப்புறம் 100-க்கு விழுந்தது, டிஸ்க் சூடாகிறதா?" என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி. அவர் சொல்வது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற டிஸ்க். சூடு இல்லை தம்பி, முதல் சில விநாடி அது டிஸ்கிலேயே எழுதவில்லை. ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு 'ஆச்சு, ஆச்சு' என்று சொல்லும். ரேம் நிறைந்ததும்தான் உண்மை முகம். வெளியே செருகும் டிஸ்குக்கு, 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து, சட்டென்று பிடுங்கினாலும் பாதகமில்லாத முறையைத்தான் தானாக வைத்திருக்கிறார்கள், அதில் இந்த வித்தை குறைவு. வேகம் பார்க்க வேண்டுமானால் 20 ஜிபிக்குக் குறையாத ஒரே ஃபைலைப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள்.

2 ஜூன்

ஞாயிறு, இரண்டு முகூர்த்தம், எழுத நேரமில்லை.

4 ஜூன்

இன்று வேறு மாதிரி அடி வாங்கினேன். ஒரு கல்யாணத்தின் எடிட்டிங் ஃபோல்டர் மொத்தத்தையும் பேக்கப் எடுத்தேன். வீடியோ 60 ஜிபி ஒன்பது நிமிடத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த 3 ஜிபி நாற்பது நிமிடம் இழுத்தது. ஒயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது, நான்கு முறை பார்த்தேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் எடிட்டிங் மென்பொருள் தனக்காகச் செய்து வைத்திருக்கும் ப்ரிவியூ ஃபைல்கள், 62,000 சில்லறை, ஒவ்வொன்றும் ஐம்பது கேபிகூட இல்லை. ஒவ்வொரு சில்லறைக்கும் டிஸ்கின் ஊசி ஓர் இடத்தில் போய் ஃபைலை எழுதி, இன்னோர் இடத்துக்குப் போய் அதன் பெயரையும் விலாசத்தையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, திரும்ப வரவேண்டும். 5400 டிஸ்கில் ஒரு சுற்றுக்கே 11 மில்லிசெகண்ட், சரியான இடம் ஊசிக்கு அடியில் வரச் சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும், நகர்வதற்கு அதைவிட அதிகம் ஆகும். என் கணக்கில் ஒரு ஃபைலுக்கு 39 மில்லிசெகண்ட் வந்தது. எழுதுவதற்கு ஆன நேரம் அதில் ஒன்று கூட இல்லை, மற்றதெல்லாம் நடை. ஆயிரம் ரூபாயைப் பத்து ரூபாய்க் காசாக எண்ணி வாங்குகிற மாதிரி.

நொடிக்கு 1.2 எம்பி. பெட்டியில் 5 ஜிகாபிட்.

4 ஜூன், கொஞ்சம் கழித்து

அந்த ப்ரிவியூ ஃபோல்டரை எடுக்கவே வேண்டாம் என்று இப்போதுதான் உறைக்கிறது. மென்பொருள் மறுபடி தானே செய்துகொள்ளும். பதினாறு வருடமாக எல்லா பேக்கப்பிலும் இதைச் சுமந்திருக்கிறேன். சில்லறை ஃபைல் கட்டாயம் வேண்டுமென்றால் சுருக்காமல் ஒரே ஜிப்பாகக் கட்டி அந்த ஒன்றை அனுப்புங்கள்.

7 ஜூன்

அரூரிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர்: "மூணு வருஷம் முந்தி 125 வந்த டிஸ்க் இப்போ 65. கெட்டுப்போச்சா?" எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டேன். தொண்ணூறு சதவீதமாம்.

கேழ்வரகுக் களத்தில் மாடுகளை வரிசையாகப் பிணைத்துப் போரடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எல்லா மாடும் ஒரே சுற்றுதான் சுற்றும், ஆனால் ஓரத்து மாடு ஓட்டமும் நடையுமாகப் போகும், நடுவிலிருக்கிற கிழட்டு மாடு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்பும். தகடும் அப்படித்தான். ஓர வட்டம் நீளம், அதிகம் எழுதலாம். உள் வட்டம் குட்டை. சுற்று அதே 90 என்பதால் உள்ளே போகப் போக வேகம் குறைந்து கடைசியில் பாதிக்கு வந்துவிடும். டிஸ்க் ஓரத்திலிருந்து எழுத ஆரம்பிக்கிறது (சிடி நேர் எதிர், உள்ளிருந்து வெளியே), அதனால் புதிதில் எல்லாருக்கும் ஓர மாடுதான் தெரியும். பெட்டியிலும் விமர்சன வீடியோவிலும் சொல்லும் வேகம் அந்த ஓரத்து வேகம்.

கிருஷ்ணகிரி மாங்காய்ப் பெட்டி மாதிரி, மேல் வரிசையில் பெரிய காய், அடியில் சின்னக் காய்.

8 ஜூன்

மாங்காய் உதாரணத்துக்குக் கிருஷ்ணகிரிக்காரர் கோபித்துக்கொண்டார், அவருக்குத் தோப்பு இருக்கிறதாம். சரி, வாபஸ். பெட்டியில் அடுக்குவது மனிதன் வேலை, தகட்டில் உள்வட்டம் சின்னதாக இருப்பது வட்டத்தின் குணம். ஆனால் ஓர வேகத்தை மட்டும் அச்சடிப்பது மனிதன் வேலைதான், அதை விடமாட்டேன்.

11 ஜூன்

அரூர்க்காரர் டிஸ்க் நிறைந்திருப்பது மட்டும் காரணமில்லை போலிருக்கிறது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் கொஞ்ச நேரம் 65, அப்புறம் 12, அப்புறம் சிறிது நேரம் சுழி, திரும்ப 20 என்று தள்ளாடுகிறதாம். இது எஸ்எம்ஆர். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டு வீட்டில் ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்கில் வட்டங்களை அப்படித்தான் வேய்ந்திருக்கிறார்கள், எழுதும் ஊசி அகலம், படிக்கும் ஊசி குறுகல், அதனால் பாதி மூடினாலும் படிக்கலாம், அதே தகட்டில் அதிகம் அடைக்கலாம். புதுக் கூரை வேய்வது சுலபம், வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கலாம். நடுவில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் மேலே ஏறியிருப்பதையெல்லாம் எடுத்து அடுக்கி, மாற்றி, திரும்ப வேய வேண்டும். அதை மறைக்க டிஸ்கில் சாதாரண முறையில் எழுதும் ஒரு திண்ணையை ஒதுக்கியிருப்பார்கள், வந்ததை முதலில் அங்கே இறக்கிவிட்டு, சும்மா இருக்கும்போது உள்ளே ஏற்றும். திண்ணை நிறைந்தால் தள்ளாட்டம். காப்பி முடிந்த பிறகும் டிஸ்க் தனக்குள் கரகரவென்று வேலை செய்வதைக் கேட்டிருப்பீர்கள், அதுதான்.

இதைப் பெட்டியில் போடுவதில்லை என்பதுதான் எரிச்சல். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் ரெட் வரிசையில், நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற 2 முதல் 6 டிபி மாடல்களில், சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்திருந்தது வெளியே வந்து, வழக்கு வரை போய், அதற்குப் பிறகுதான் எந்த மாடலில் எது என்று பட்டியல் போட்டார்கள். இப்போது மாடல் எண்ணை வைத்துத் தேடினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

12 ஜூன்

நேற்றுக் கொஞ்சம் காட்டமாகிவிட்டது. ஒரு தடவை நிரப்பி அலமாரியில் வைக்கிற கல்யாண டிஸ்குக்கு எஸ்எம்ஆர் ஒன்றும் கெடுதல் இல்லை, புதுக் கூரைதானே. தினமும் அழித்து எழுதுகிறவனுக்குத்தான் தொல்லை. அரூர்க்காரர் மாதிரி, என்னை மாதிரி.

15 ஜூன்

மழை, வேலை இல்லை, பழைய கதை. பெட்டியில் ஒன்று கையில் ஒன்று என்பது நேற்று வந்த நோய் இல்லை. 1983-ல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டரில் 10 எம்பி டிஸ்க். கம்பியின் வேகம் 5 மெகாபிட், அதாவது 625 கேபி. தகட்டில் ஒரு வட்டத்துக்கு 17 துண்டு, துண்டுக்கு 512 பைட், நொடிக்கு 60 சுற்று, பெருக்கினால் 522 கேபி. அதையும் அந்தக் கம்ப்யூட்டரால் வாங்க முடியவில்லை, ஒரு துண்டைப் படித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது கடந்துவிடும். அதனால் துண்டுகளை ஆறு ஆறு தள்ளி எண் போட்டார்கள், ஒரு வட்டத்தைப் படித்து முடிக்க ஆறு சுற்று. நிஜத்தில் 87 கேபி. அங்கே மெதுவாக இருந்தது டிஸ்க் இல்லை, கம்ப்யூட்டர். இப்போது தலைகீழ்.

அதற்கும் முன்னால் 1956-ல் ஐபிஎம்மின் முதல் டிஸ்க், இரண்டடி அகலத் தகடு ஐம்பது, மொத்தம் 50 லட்சம் எழுத்து, நொடிக்கு 8,800 எழுத்து. முழுக்கப் படிக்க ஒன்பதரை நிமிடம். என் கேமராவின் ஒரு ரா ஃபோட்டோ அதில் கொள்ளாது.

16 ஜூன்

மண்டபத்திலேயே காப்பி எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். எடுக்கலாம், மேளம் பக்கத்தில் வைக்காதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் என்பவர் ஓடுகிற டிஸ்க் வரிசை முன்னால் நின்று கத்திக் காட்டினார், கத்தும்போதெல்லாம் டிஸ்க் தாமதம் எகிறியது, அதைப் படம் பிடித்தும் போட்டார்கள். அதிர்வில் ஊசி வட்டத்தை விட்டு விலகும், திரும்ப வந்து படிக்க ஒரு சுற்று வீண். ஒரு மனிதன் கத்தியதற்கே அப்படி என்றால் கெட்டிமேளத்துக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் டிஸ்கை மணமகள் அறைப் பக்கம் மெத்தைமேல் வைத்து எடுப்பேன். (மெத்தையில் வைத்தால் சூடாகும் என்று ஒருவர் திருத்தினார். சரி, மர நாற்காலி.)

20 ஜூன்

இப்போதெல்லாம் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன், நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி. 36-ல் ஆணி அடித்தாற்போல் நின்றால் ஒயர் அல்லது போர்ட். நெட்வொர்க் வழியாக 11-ல் நின்றால் எங்கோ 100 மெகாபிட் ஸ்விட்ச், அல்லது எட்டுக் கம்பியில் நாலு மட்டும் சேர்ந்த லேன் ஒயர். 112-ல் நின்றால் அது ஜிகாபிட் நெட்வொர்க்கின் உச்சம், டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள். ஒரே டிஸ்கில் டி டிரைவிலிருந்து இ டிரைவுக்குக் காப்பி எடுத்தால் பாதிக்கும் கீழே, ஊசி ஒன்றுதான், அதுவே படித்து அதுவே எழுத வேண்டும். ஆனால் வேகம் சுழிக்குப் போய், டக் டக் என்று சத்தம் வந்து, ஒரே ஃபைலில் சிக்கி நின்றால் வேகக் கணக்கெல்லாம் விட்டுவிட்டு இருப்பதை முதலில் வேறு இடத்துக்கு எடுங்கள். அது கெட்டுப்போன துண்டைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது.

21 ஜூன்

"எஸ்எஸ்டி வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை" என்றார் பாலக்கோட்டுத் தம்பி. அதில் சுற்றும் தகடே கிடையாது, சிப்பில் எழுதும். நானும் அப்படித்தான் நினைத்து விலை குறைந்த ஒன்று வாங்கினேன். முதல் 60 ஜிபி 450-ல் பறந்தது, அப்புறம் 80. என் பழைய டிஸ்கைவிடக் கீழே. ஒரு செல்லில் நாலு பிட் அடைக்கிற மலிவு வகையில், முதலில் ஒரு பிட்டாக வேகமாக எழுதிக்கொள்ளும் இடம் தீர்ந்தால் இந்தக் கதிதான். திண்ணை இங்கேயும் இருக்கிறது தம்பி.

24 ஜூன்

காரிமங்கலத்திலிருந்து பெண்ணுடைய அப்பா இன்று போன் செய்தார். மூத்த மருமகன் பெங்களூரில் ஐடியில் இருக்கிறாராம், கல்யாண வீடியோவைத் தன் லேப்டாப்பில் ஏற்றப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, டிஸ்க் ரொம்ப ஸ்லோவா இருக்குதாம். முப்பத்தாறுக்கு மேல போகலைன்னு மாப்பிள்ளை சொல்றாரு. டூப்ளிகேட்டான்னு கேக்குறாரு."

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன், அன்றைக்குக் கவரில் எந்த ஒயரைப் போட்டாய் என்று. தலையைச் சொறிந்தான். ஒரு மாதமாகத் தன் சார்ஜர் ஒயரைத் தேடிக்கொண்டிருக்கிறானாம்.